வெள்ளை இனிக்கும்

என் மூத்தாரிடம் நான் முதன்முதலாக நேருக்கு நேர் வாய் திறந்தது ஒரு பஸ் ஷெட்டில், அத்தனை ஆம்பளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேசினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கத்தினேன். வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிற்க மாட்டார்கள். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட வேண்டும். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "சோறு ஆயிருச்சுன்னு சொல்லுங்க" என்று நான் சுவரிடம் சொல்வேன். "அந்தப் புள்ளைய ஒரு செம்பு தண்ணி வைக்கச் சொல்லு" என்று அவர் வாசல் நிலையிடம் சொல்வார். நான் வல்லத்திராக்கோட்டையில் பிறந்தவள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கிற வம்சம் இல்லை. மாமியார் இல்லாத வீட்டுக்கு வந்து, வந்த மறு வாரமே பால்காரனிடம் சண்டை போட்டவள் நான். ஆனால் அந்த ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு முதலாளிக்குத் தகரக் கூரை போட்ட ஷெட் இருந்தது. அவருடைய சொந்த பஸ்களும் மற்றவர்களுடைய பஸ்களும் அங்கே பெயிண்டுக்கு வரும். வருஷா வருஷம் ஒவ்வொரு பஸ்ஸையும் சர்க்கார் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எப்.சி. வாங்க வேண்டும். இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஓடும். அதற்கு முன்னால் பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து அடைத்து, புதுசாக அடிக்க வேண்டும். என் மூத்தார் அங்கே மேஸ்திரி. என் வீட்டுக்காரர் அவருக்கு அடுத்த கை. அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான், தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அண்ணன் சொன்னால் இவருக்கு வேதவாக்கு.

டப்பாவில் வருகிற பெயிண்டெல்லாம் கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். அடிப்பூச்சுக்கும் பட்டிக்கும் வெள்ளை. வெள்ளை என்றால் ஈயத்திலிருந்து செய்கிற மாவு, மூட்டையில் வரும். கல்லில் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டு, குழவியால் மாய்ந்து மாய்ந்து அரைப்பார்கள். அரைபட்டது போதுமா, மாவில் சுண்ணாம்பு எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. விரல் நுனியில் துளி எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துப் பார்ப்பது. நறநறவென்றால் இன்னும் அரைக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்து, கூடவே நாக்கில் ஒரு இனிப்புத் தட்டினால் அது சுத்தமான வெள்ளை. இனிப்புக் குறைந்தால் கலப்படம். ஷெட்டில் எல்லாருக்கும்தான் பல் இருந்தது. ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்கிற பல் மூத்தாருக்கும் இவருக்கும் மட்டும்தான். மற்ற ஷெட்டுக்காரர்கள்கூட ஒரு பொட்டலத்தில் வெள்ளையைக் கட்டிக்கொண்டு வந்து, "ஒங்க பல்லுல வச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுப் போவார்கள்.

கல்யாணமான புதிதில் இவர் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். "வெள்ளை இனிக்கும் புள்ள. ஒனக்கும் ஒரு துளி கொண்டாரட்டுமா?"

"ஆமா, மல்லிகப்பூ வாங்கியாரத் துப்பில்ல. மாவு கொண்டாராராம் மாவு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். 

முதலில் விழுந்தது மூத்தாருடைய கைதான். பஸ்ஸுக்கு நடுவில் நீளமாக ஒரு கோடு போடுவார்கள் இல்லையா, அதை ஒரே மூச்சில் இழுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நாள் கோடு பாதியில் சரிந்து கீழே வழிந்துவிட்டது. வயசாச்சு என்று அவரே சொல்லிச் சிரித்தாராம். நாற்பதைக்கூடத் தாண்டாத மனிதர். கொஞ்ச நாளில் மணிக்கட்டு மேலே வரவில்லை. தோளுக்கு ஒன்றுமில்லை, முழங்கைக்கு ஒன்றுமில்லை, மூட்டை தூக்கச் சொன்னால் தோளில் ஏற்றிவிடுவார். மணிக்கட்டிலிருந்து கீழே மட்டும் ஈரத் துணி மாதிரி தொங்கியது. வலது கைக்கு வந்தது இடது கைக்கும் வந்தது. வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள், பச்சிலை வைத்துக் கட்டினார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுகூட ஒருவன் வந்து தகடு எடுக்கக் கிளம்பினான், நான்தான் விளக்குமாற்றைக் காட்டி விரட்டினேன். என் ஓரகத்தி, அதாவது மூத்தாருடைய சம்சாரம், அக்கா என்று கூப்பிடுவேன், அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு ஊட்டிவிடுவாள். பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது. அவர் அப்புறம் ஷெட் பக்கமே போகவில்லை. தெருவில் இறங்கினாலும் கைகளை மறைத்துத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போவார். முதலாளி என் வீட்டுக்காரரை மேஸ்திரி ஆக்கினார்.

அதற்கப்புறம் இவருக்கு வயிற்று வலி. வலி என்றால் சாதாரண வலி இல்லை. "உள்ள யாரோ துணி பிழியற மாதிரி இருக்கு புள்ள" என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரில் தலையை முட்டுவார். நாள்கணக்கில் வயிறு இளகாது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், விளக்கெண்ணெய் கொடுத்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. முகம் வெளிறிச் சோகை பிடித்துப் போனது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். வீட்டில் எரிந்து விழுகிற வேலை என்னுடையது, அதையும் அவர் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன தொழில் என்று கேட்டார். பெயிண்டர் என்றதும் எழுந்து வந்து இவருடைய கீழுதட்டைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இங்க வாங்கம்மா, பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் கருநீலமாக ஒரு கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி ஓடியது. "கையை முன்னால நீட்டுங்க. மணிக்கட்டை மேல தூக்குங்க" என்றார். இவர் தூக்கினார். டாக்டர் விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் விழல" என்றார்.

அந்த 'இன்னும்' என் நெஞ்சில் வந்து விழுந்தது. "அப்படின்னா விழும்ங்கிறீங்களா ஐயா? இவுக அண்ணனுக்கு ரெண்டு கையும் விழுந்து கெடக்கு" என்றேன்.

அண்ணனும் பெயிண்டரா என்று கேட்டார். ஆமாம் என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஈயம் உடம்புக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது, முதலில் இரத்தத்தைக் கெடுக்கும், வயிற்றை முறுக்கும், அப்புறம் நரம்பைப் பிடித்தால் கை விழும் என்றார். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது பறக்கிற தூசியில் போகும், கழுவாத கையால் சாப்பிட்டால் போகும், வெற்றிலை மடித்தால் போகும். "வேற தொழில் பாக்க முடியுமா?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு எந்தத் தொழிலும் இவருக்குத் தெரியாது.

"சரி, அப்ப இதையாவது செய்யுங்க" என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்கிட்டே கை போகக் கூடாது, வேலைத் துணியோடு வீட்டுக்குள் வரக் கூடாது. சொல்லி முடித்துவிட்டு, "பிரஷ்ஷையோ எதையோ வாயில வைக்கிற பழக்கம் உண்டா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். அண்ணன் சொல்லிக் கொடுத்த தொழில் ரகசியத்தை வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்திருக்கிறார், மனுஷர்! எனக்கு வந்ததே ஆத்திரம். "பிரஷ் இல்லைங்க ஐயா, வெள்ளையவே பல்லுல வச்சுக் கடிச்சுத் தின்னு பாக்கறாக. இனிக்குமாம்" என்று போட்டு உடைத்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே ஒரு துளி உள்ள போகக் கூடாது" என்று மட்டும் சொன்னார். மூத்தாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சுவரிடம் சொன்னேன். டாக்டர் சொன்னது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளறையிலிருந்து மூத்தார் சத்தம் வந்தது. "ஈயம் விஷமாமா? ஊர்ல ஈயச்சொம்புல ரசம் வைக்கிறாங்களே, அவங்களுக்கெல்லாம் கையி விழுந்தா கெடக்கு? எனக்கு வந்தது வாதம்னு சொல்லு. இவனுக்கு வந்தது சூட்டு வலின்னு சொல்லு. படிச்சவன் ஏதோ சொன்னான்னு, பரம்பரத் தொழிலப் பழிக்க வேணாம்னு சொல்லு."

சொம்பு செய்கிற வெள்ளீயம் வேறு, இது காரீயம் என்று டாக்டர் எனக்கு விளக்கித்தான் அனுப்பியிருந்தார். அதையும் சுவரிடம் சொன்னேன்.  கதவைக் காலால் உதைத்துச் சாத்துகிற சத்தம்தான் வந்தது. கையால் சாத்த அவரால் முடியாது.

நான் கிணற்றடியில் நின்று பொருமிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து என் முந்தானையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். "கோவிச்சுக்காதடி. அவரு எப்படி ஒத்துக்குவாரு? வெள்ளைதான் கையத் தின்னுச்சுன்னு ஒத்துக்கிட்டா, தம்பி வாயில அத வச்சது யாருன்னு வந்துரும்ல? பெத்த புள்ள மாதிரி வளத்தவருடி." எனக்கு அதுவரைக்கும் அது தோன்றவே இல்லை. அதற்கப்புறம் அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் கை எனக்கு வேண்டும். அவ்வளவுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை நான்.

வேலைத் துணியை வாசலிலேயே அவிழ்த்துப் போட வைத்தேன், தனியாகத் துவைத்தேன். தினமும் காலையில் காப்பி கையில் கொடுப்பதற்கு முன்னால் "கைய நீட்டுங்க" என்பேன். நீட்டுவார். "மணிக்கட்டத் தூக்குங்க." தூக்குவார். விரல்கள் அஞ்சும் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே போனேன். பெண்கள் வருகிற இடமா அது? வாசலில் நின்றாலே தகரத்தில் பட்டு வெயில் முகத்தில் அடிக்கும், உள்ளே எங்கு பார்த்தாலும் சுரண்டின தூசி மாவு மில் மாதிரி பறக்கும். அந்தத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்து, வெள்ளை அப்பின விரலால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். சுண்ணாம்பு எது, வெள்ளை எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாச்சு தங்கச்சி, சுத்தமாத்தான் இருக்கு" என்பான் ஒருவன். "மேஸ்திரிக்கு நேரமாச்சு, அம்மா வந்துட்டாக, கையக் கழுவிவிட்டு வாயத் தொடச்சுவிடுவாக" என்பான் இன்னொருவன். இவர் மூக்கில் துண்டைக் கட்டினால், "கல்யாணப் பொண்ணு முக்காடு போட்டிருக்கு டோய்" என்று சிரிப்பார்கள். இவருக்கு அவமானத்தில் காது சிவக்கும். வீட்டுக்கு வந்து என் மேல் பாய்வார். "நாளைக்கு நீ அங்கிட்டு வந்தீன்னா தெரியும் சேதி." நான் மறுநாளும் போவேன். என்ன சேதி என்று பார்த்துவிடலாமே!

முதலாளியிடமும் வாயைக் கொடுத்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "தண்ணி பட்டா தகரம் துருப்புடிக்கும். காயற வரைக்கும் வண்டிய நிறுத்தி வச்சா எப்.சி.க்கு யாரு காட்டறது, நீ வந்து காட்டுவியா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். மூத்தாருக்காக அப்போதும் எங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆனால் பஸ் ஓடாமல் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு உயிரே நின்றுவிடும்.

இவர் சண்டை போட்டாலும் மண்டையில் ஏறாமல் இல்லை. பல்லுக்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். உடைந்த பஸ் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு துண்டு எடுத்து, நடுவில் வெள்ளையை வைத்து அழுத்தித் தேய்த்து வெயிலுக்கு நேரே பிடித்தார். சரியாக அரைபடாத வெள்ளையாக இருந்தால் கண்ணாடியில் கீறல் கீறலாகத் தெரியும். அன்றைக்கு என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அது வந்தது. ஒரு நாள் காலையில் "கைய நீட்டுங்க" என்றேன். நீட்டினார். வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் மட்டும் தலை குனிந்து நின்றன. "தூக்குங்க" என்றேன். மற்ற விரல்கள் தூக்கின, அந்த இரண்டும் அசையவில்லை. அவரும் பார்த்தார். ஏதோ தூக்கத்தில் மரத்துப் போயிருக்கும் என்று உதறிக்கொண்டார். மறுபடி நீட்டினார். மறுபடியும் அப்படியே. காப்பி ஆறிப் போனது, எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை.  மூத்தாருக்கும் இப்படித்தானே தொடங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் விரல்களைத் தடவிப் பார்த்தார். "இதோட நின்னா நிமிர வழியிருக்கு. இனியும் உள்ள போச்சுன்னா என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல" என்றார். உடனே வேலையை விடச் சொன்னார். "ஒரே ஒரு வண்டி, குளத்தூர் வண்டி, அத முடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கிறேன். பாதியில விட்டுட்டு வந்தா மேஸ்திரின்னு சொல்லிக்க மூஞ்சி வேணும்ல" என்று இவர் என்னிடம் கெஞ்சினார். கோடு இழுக்க மாட்டேன், அரைக்க மாட்டேன், மேற்பார்வை மட்டும்தான் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தக் கையின் இரண்டு விரல் என் தலையில் படவே இல்லை.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஷெட்டுக்குப் போனார், நான் வீட்டுக்கு வந்து சுவரிடம் போய் நின்றேன். "தம்பிக்கும் வலது கையில ரெண்டு வெரலு விழுந்திருச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.   இந்தத் தடவை கதவை உதைக்கிற சத்தம்கூட வரவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

அங்கே போனால் ஒரே பரபரப்பு. குளத்தூர் வண்டி எலும்பு மாதிரி வெறும் தகரமாக நிற்கிறது. திருச்சியிலிருந்து புது மூட்டை வந்து, ஒரு கல் அரைத்தும் வைத்திருக்கிறார்கள். போன தடவை வந்த மூட்டையில் சுண்ணாம்பு கலந்திருந்து, அடித்த பெயிண்டு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, இன்ஸ்பெக்டர் ஒரு வண்டியை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். அந்தச் சூடு முதலாளிக்கு இன்னும் ஆறவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னய்யா மேஸ்திரி, பல்லுல வச்சுச் சொல்லு. அடிக்கலாமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர் கண்ணாடியை எடுத்துத் தேய்த்து வெயிலில் காட்டினார். "நல்லா அரைபட்டிருக்கு முதலாளி, பாருங்க."

"கண்ணாடி நறநறப்பச் சொல்லும்யா. இனிப்பச் சொல்லுமா? கலப்படம்னா எனக்கு இன்னொரு வண்டி போச்சு. பல்லுல வைய்யி."

"அண்ணனுக்குக் கையி போனது இதுனாலதான்னு டாக்டரு..."

"ஒன் அண்ணனே வாதம்னுதானய்யா சொல்றாரு! ஒனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு இந்தச் சந்தேகம்?" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு. நான் வேற மேஸ்திரியப் பாத்துக்கறேன். நாளைக்குக் காலையில இந்த வண்டிக்கு மொதப் பூச்சு விழுந்தாகணும்."

அத்தனை பேரும் இவரையே பார்த்தார்கள். நேற்றுவரை முக்காடு என்று சிரித்தவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இவர் கை மெல்லக் கல் பக்கம் போயிற்று. வலது கையை மறைத்துக்கொண்டு இடது கை ஆள்காட்டி விரலால் ஒரு துளி வழித்தார்.  கத்தினால் இத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் புருஷனை அவமானப்படுத்தினதாகும், கத்தாவிட்டால் கை போகும். குடத்தைத் தூக்கி அவர் தலையில் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரல் வாய்க்கிட்டே வந்துவிட்டது.

"டேய். கைய எடு."

வாசல் பக்கம் எல்லாரும் திரும்பினோம். மூத்தார் நின்றுகொண்டிருந்தார். கை விழுந்த நாளிலிருந்து ஷெட்டுக்குள் கால் வைக்காத மனிதர். கைகளின் மேல் துண்டு இல்லை. இரண்டு கையும் எல்லாருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தன. நான் பழக்கதோஷத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"கையத் தொடைடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "ஒங்களுக்குப் பல்லுதான வேணும் முதலாளி? இவன் பல்லு நேத்துப் பல்லு. என் பல்லு பழைய பல்லு. நான் பாத்துச் சொல்றேன்."

கல்லுக்கிட்டே போனார். எடுக்கக் கை வரவில்லை. "எடுத்து என் வாயில வைடா" என்றார். இவர் "மாட்டேண்ணே" என்று பின்னால் போனார்.  மூத்தார் அப்படியே மண்டி போட்டுக் கல் மேல் குனிந்தார்.

"வேணாம்! வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. கூப்பிட்டுப் பழக்கம் இருந்தால்தானே!

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முகத்துக்கு முகம் பார்த்தார். "எனக்கு இனிமே விழறதுக்கு என்ன ஆத்தா இருக்கு?" என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து, கன்றுக்குட்டி தொட்டியில் வாய் வைக்கிற மாதிரி, பல்லாலேயே கல்லில் இருந்து வெள்ளையை எடுத்தார். கண்ணை மூடி மென்றார்.  அவர் பல் அரைபடுகிற சத்தம்தான் கேட்டது.

மெதுவாக எழுந்து நின்றார். உதடெல்லாம் வெள்ளை. "சுத்தமான சரக்கு முதலாளி. தாராளமா அடிக்கலாம். இனிக்குது" என்றார். அப்புறம் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "நல்லா இனிக்குது. இந்த இனிப்புத்தான் ரெண்டு கையையும் தின்னுச்சு. வாதமில்ல முதலாளி. நான் பொய் சொன்னேன். இவன் வாயில மொதத் துளிய வச்சதும் இந்தக் கையிதான்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.  என் வீட்டுக்காரர் "அண்ணே, அண்ணே" என்று சிறுபிள்ளை மாதிரி அழுதார்.

"அழுவாதடா. இனி இந்த ஷெட்டுல ஒருத்தன் வாயிலயும் இது போகக் கூடாது. மூட்டைக்கு மூட்டை சந்தேகம்னா வித்தவனைக் கேளுங்க, எங்க பல்லக் கேக்காதீங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி ஊத்து ஆத்தா. வாயக் கொப்பளிக்கணும்."

 குடத்தைச் சாய்த்தேன். அவரால் கை குவிக்க முடியவில்லை, தண்ணீர் மணிக்கட்டில் பட்டு நெஞ்சில் வழிந்தது. இவர் ஓடி வந்து அண்ணன் வாய்க்குக் கீழே தன் இரண்டு கையையும் குவித்தார். அதில்தான் ஊற்றினேன். அந்த மடங்கின இரண்டு விரல் வழியாகப் பாதித் தண்ணீர் ஒழுகியது, மீதியை அவர் வாயில் வாங்கிக் கொப்பளித்தார். வெள்ளையாகத் துப்பினார். "இன்னும் ஊத்து" என்றார். தெளிந்த தண்ணீராக வருகிற வரைக்கும் ஊற்றினேன். குடம் காலியானது.

குளத்தூர் வண்டியை மற்றவர்கள்தான் முடித்தார்கள், எப்.சி. வாங்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் வெள்ளையைத் தொடவில்லை. முதலாளி அவரை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார். விரல் நிமிர மாசக்கணக்கானது, ஆனால் நிமிர்ந்தது. மூத்தாருக்கு நிமிரவே இல்லை.

ஷெட்டில் அது நடந்த மறுநாள், நான் சோற்றுத் தூக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் மூத்தார் செருப்புச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் திரும்பி அடுப்படிக்குள் போகப் பார்த்தேன்.

"நில்லு ஆத்தா" என்றார். சுவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "ஷெட்டுல இன்னும் எத்தன பேரு கழுவாத கையோட சோறு திங்கறான். ஒரு கொடம் தண்ணி எந்த மூலைக்கு? ரெண்டா எடுத்துக்க. ஒண்ண என் தோள்ல ஏத்து, நானும் வாரேன்."